தோட்டத்துக்குத் தன்னார்வலர்களை அழைத்தபோது நாங்கள் செய்த தவறுகள்

"இந்த வரிசையில் களை எடுத்துவிடுங்கள்" என்று உதவிக்கு வந்திருந்த இளைஞரிடம் சொல்லிவிட்டு மோட்டார் போடப் போனேன். மும்முனை மின்சாரம் வரும் நேரம் அது. தவறவிட்டால் அன்றைக்குப் பாய்ச்சல் இல்லை. முக்கால் மணி நேரம் கழித்துத் திரும்பினால், மாங்கன்றுகளைச் சுற்றி மண் வழித்துவிட்டதுபோல் சுத்தமாக இருந்தது. வரப்போரத்தில் கொழுஞ்சிச் செடிகள் குவிந்து கிடந்தன. மண்ணுக்குத் தழைச்சத்து சேரட்டும் என்று, விதையை மணலோடு தேய்த்து ஊறவைத்து, ஆடியில் நாங்களே விதைத்தவை. கோரையையும் அவர் விட்டுவைக்கவில்லை. ஆனால் தாளைப் பிடித்து இழுத்ததில் கிழங்கு உள்ளேயே தங்கிவிட, ஒரே வாரத்தில் அது மறுபடி தலைநீட்டியது.

வியர்வை வழிய நின்ற அந்த இளைஞரைக் கோபித்துக்கொள்ள எனக்கு வாய் வரவில்லை. பழைய மகாபலிபுரம் சாலையில் மென்பொருள் வேலை பார்ப்பவர். சனிக்கிழமை தூக்கத்தை விட்டுவிட்டுத் திருப்போரூர் பக்கம் இருக்கும் எங்கள் ஒன்றேகால் ஏக்கருக்கு வந்திருந்தார். களை எது, பயிர் எது என்று சொல்லாமல் போனது நான். காடுபோலப் பல செடிகளைச் சேர்த்து வளர்க்கும் பெர்மாகல்ச்சர் தோட்டத்தில் இந்தத் தவறுக்கு விலை அதிகம். நெல் வயலில் நெல் அல்லாததெல்லாம் களை. இங்கே மூக்கிரட்டையும் கீழாநெல்லியும் கொழுஞ்சியும் வேண்டுமென்றே விட்டுவைத்தவை. புதிதாக வருபவரின் கண்ணுக்கு எல்லாம் ஒரே பச்சை. இப்போதெல்லாம் முதல் ஒரு மணி நேரம் யாருக்கும் வேலை இல்லை, நடைதான். பிறகு பிடுங்க வேண்டிய செடி ஒன்றை வேரோடு எடுத்து ஒவ்வொருவர் கையிலும் கொடுக்கிறோம். "இதை மட்டும்." தொடக்கூடாத கன்றுகளில் பழைய புடவைக் கிழிசல் கட்டியிருக்கும்.

இதற்கெல்லாம் அடியில் இன்னொரு தவறு இருந்தது. தன்னார்வலர் என்றால் கூலியில்லாத ஆள் என்று நினைத்துக்கொண்டோம். பண்ணைகளுக்குத் தன்னார்வலர் போகும் ஏற்பாட்டின் தொடக்கத்தைப் பார்த்தாலே அது பொருந்தாது. 1971-இல் லண்டனில் செயலாளராக வேலை பார்த்த சூ காப்பர்ட், நகரத்தில் அடைந்துகிடப்பவர்கள் வார இறுதியில் கிராமக் காற்று வாங்கட்டும் என்று சஸெக்ஸில் ஓர் இயற்கைப் பண்ணைக்குச் சிலரை அழைத்துப் போனார். அதுதான் பின்னால் உலகமெங்கும் வூஃப் (WWOOF) என்ற பெயரில் பரவியது. நாளுக்கு நான்கு முதல் ஆறு மணி நேர உதவி, பதிலுக்குச் சாப்பாடும் தங்குமிடமும் கற்றுக்கொள்ளும் வாய்ப்பும் என்பது வழக்கம். அதாவது, பண்ணைக்கு ஆள் பற்றாக்குறை என்று பிறந்த திட்டமே இல்லை. ஆள் கிடைக்காததால் தன்னார்வலரைத் தேடுகிறவர் முதலில் இதை யோசிக்க வேண்டும்.

கூலி கொடுக்கவில்லை என்றால், வேறு யாரோ கொடுக்கிறார்கள் என்று பொருள். எங்கள் வீட்டில் கொடுத்தவர் அம்மா.

மூன்று பேர் இரண்டு வாரம் தங்கிய முதல் முறையில் அது தெரிந்தது. காலை ஐந்தரைக்குத் தேநீர், ஒன்பதுக்கு இட்லி, ஒரு மணிக்குச் சாப்பாடு, ராத்திரிக்குத் தோசை. ஒருவர் மோர்கூடத் தொடமாட்டார். இன்னொருவருக்குக் காரம் ஆகாது. நான்கு மணி நேரம் மண்வெட்டி பிடித்தவர் தயிர்ச் சோற்றைச் சாப்பிட்டுவிட்டு வேப்பமரத்தடியில் படுக்க, பத்து மணி நேரம் அடுப்படியில் நின்றவர் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். "தோட்டத்துக்கு மூன்று பேர் வந்திருக்கிறார்கள் என்றாயே, எனக்கு ஒருத்தியும் வரவில்லையே?" என்று அம்மா கேட்டது பத்தாவது நாளில். சமையலையும் கழுவுவதையும் வேலை நேரக் கணக்கில் சேர்த்துவிடுங்கள். காய் நறுக்குவதும் களைக்கொத்து பிடிப்பதும் ஒரே பட்டியலில் இருக்கட்டும். உணவுப் பழக்கத்தை வருவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். வந்து இறங்கிய பிறகு கேட்டால் வீட்டில் சண்டை.

கொடுத்த இன்னொருவர், எங்களுக்கு வழக்கமாகக் களை எடுக்க வருகிற அக்கா. வாசலில் வந்து நின்று, "வெளியாட்கள் வந்துவிட்டார்கள், இந்த வாரம் எங்களுக்கு வேலை இல்லையா?" என்றார். பதில் இல்லை. அவருடைய நாள் கூலியைத்தான் மிச்சம் பிடித்துக்கொண்டு "சமூகம்" என்று பேசிக்கொண்டிருந்தோம். அன்றிலிருந்து களை, நாற்று நடவு, அறுவடை ஆகியவை பெரும்பாலும் கூலிக்குத்தான். மண்ணை மூடிவைக்கும் மூடாக்குக்குச் சருகு சேர்ப்பது, நாற்றங்கால் பை நிரப்புவது, விதை புடைப்பது, மட்கு உரம் கிளறுவது போன்றவை தன்னார்வலருக்கு. சில சனிக்கிழமைகளில் அந்த அக்காவே தன்னார்வலருக்குக் களைக்கொத்து பிடிக்கச் சொல்லிக்கொடுக்கிறார்; அதற்கும் கூலி உண்டு.

ஒன்றும் தெரியாதவரைவிட, கொஞ்சம் தெரிந்தவரால் எங்களுக்கு நஷ்டம் கூடுதல். 72 மணி நேர பெர்மாகல்ச்சர் வடிவமைப்புப் பயிற்சி முடித்துச் சான்றிதழோடு வந்தார் ஒருவர். சரிவுக்குக் குறுக்கே, சம உயரக் கோட்டில் அகழி வெட்டினால் மழைநீர் முழுக்க மண்ணுக்குள் இறங்கும் என்றார். பாடம் சரிதான், சரிவான, வறண்ட நிலத்துக்கு அருமையான வழி. எங்கள் நிலமோ பழைய நெல் வயல், தட்டை. ஐப்பசி மழையில் நிலத்தடி நீர் கையெட்டும் உயரத்துக்கு வந்துவிடும். இரண்டு நாள் தோண்டினார்கள், நானும் ஆசையாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். வடகிழக்குப் பருவமழையில் அகழி நிரம்பி, ஓரத்தில் நின்ற பப்பாளிகள் வேரழுகி வரிசையாகச் சாய்ந்தன. பப்பாளிக்கு இரண்டு நாள் நீர் தேங்கினாலே போதும். பக்கத்து நிலத்துப் பெரியவர், "இங்கே தண்ணீரை நிறுத்தக் கூடாது தம்பி, வழிவிட வேண்டும்" என்றார், மரங்கள் விழுந்த பிறகு. நிலத்தின் வடிவத்தை மாற்றும் எந்த வேலையையும் ஒரு மழைக்காலத்தை அங்கே பார்க்காதவர் தீர்மானிக்கக் கூடாது. இப்போது எங்களிடம் இருப்பது மேட்டுப்பாத்தியும் வடிகாலும்.

நாள்காட்டியையும் பார்க்காமல் அழைத்தோம். கல்லூரி விடுமுறை மே மாதத்தில். கத்திரி வெயிலும் அப்போதுதான். அந்த மாதத்தில் காலை ஆறு முதல் ஒன்பதரை, மாலையில் இன்னும் ஒன்றரை மணி நேரம், அவ்வளவே வேலை. உப்பும் எலுமிச்சையும் போட்ட மோர்ப் பானை நிழலில் இருக்க வேண்டும். மார்கழி, தை மாதங்கள்தான் எல்லாருக்கும் உகந்தவை. இருபது பேரை ஒரே ஞாயிற்றுக்கிழமையில் அழைத்த அனுபவமும் உண்டு: பாத்தியை மிதித்து இறுக்கினார்கள், நிறைய படம் எடுத்தார்கள். ஒருவர் கூடவே நின்று மூன்று, நான்கு பேருக்குத்தான் வேலை சொல்லிக்கொடுக்க முடியும்.

சில விஷயங்களில் சமரசமே கிடையாது. கைப்பிடிச் சுவர் இல்லாத கிணற்றுக்கு வேலி போட்ட பிறகுதான் ஆளை அழைக்க வேண்டும். மூடாக்குக்கு அடியில் எலி வரும், எலிக்குப் பின்னால் பாம்பு வரும். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்கையும் படத்தில் காட்டிவிடுங்கள். வெறுங்கையால் சருகு அள்ளக் கூடாது, இருட்டினால் டார்ச் இல்லாமல் நடக்கக் கூடாது. பாம்பு விஷமுறிவு மருந்து எந்த அரசு மருத்துவமனையில் இருக்கிறது என்பதையும், 108-க்கு வழி சொல்லத் தேவையான அடையாளத்தையும் சுவரில் எழுதி வையுங்கள். பாம்பைக் கண்டால் அடிக்க வேண்டாம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடநெம்மேலியில், 1978-இல் தொடங்கிய இருளர் கூட்டுறவுச் சங்கம் விஷமுறிவு மருந்துக்காக விஷம் எடுக்கும் பாம்புகளும் இவைதான்.

காகித வேலையையும் தள்ளிப்போடாதீர்கள். வெளிநாட்டவர் ஓர் இரவு தங்கினாலும், 24 மணி நேரத்துக்குள் வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்துக்கு இணையத்தில் தகவல் தர வேண்டும். சென்னையில் அந்த அலுவலகம் நுங்கம்பாக்கம் சாஸ்திரி பவனில் இருக்கிறது. சுற்றுலா விசாவில் தன்னார்வ வேலைக்கு ஒரு மாதம்தான் வரம்பு, பதிலுக்கு எதுவும் பெறாமல். சாப்பாடும் அறையும் "பதில்" ஆகுமா என்பதை அந்த அலுவலகத்திலேயே கேட்டுவிடுவது நல்லது. இலவச விவசாய மின் இணைப்பிலிருந்து தங்கும் கொட்டகைக்கு ஒயர் இழுப்பதும் விதிமீறல். அதற்குத் தனி மீட்டர் வாங்குங்கள்.

ஒரு வாரம் தங்க வருகிறவர்களை இப்போது முதலில் ஒரே ஒரு நாள் வரச் சொல்கிறோம். அவருக்கும் நம்மைப் பிடிக்க வேண்டுமே! அடுப்படிப் பட்டியலும் கொட்டகைச் சுவரில் தொங்குகிறது. ஞாயிற்றுக்கிழமை முழுக்கத் தன்னார்வலர்களின் முறை. போன வாரம் உப்புமாவில் கட்டி விழுந்திருந்தது. அம்மா ஒன்றும் சொல்லாமல், இன்னொரு கரண்டி கேட்டு வாங்கிக்கொண்டார்.