ஒழுங்கையில் இரவுக் காவல்: முதல் நாளிலிருந்து முறைப்பாடு வரை

கொழும்பில் வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ ஒழுங்கைக்காரர் கூடி இரவுக் காவல் தொடங்கினால், முதல் பேச்சே "கள்ளனை எப்படிப் பிடிக்கிறது" என்றுதான் வரும். பிழை அங்கேதான் தொடங்குகிறது. பார்ப்பதும் சரியாகச் சொல்வதும் உங்கள் வேலை. பிடிப்பதைப் பொலிஸாரிடம் விடுங்கள்.

1. அனுமதி

உங்கள் பிரிவில் பொலிஸோடு சேர்ந்து இயங்கும் ஊரவர் குழுவான சிவில் பாதுகாப்புக் குழு இருக்கிறதா என்று கிராம அலுவலரிடம் கேளுங்கள். இருந்தால் அதிலேயே சேருங்கள். இல்லையென்றால், உறுப்பினரின் பெயர், முகவரி, தொலைபேசி இலக்கத்தோடு பொலிஸ் நிலையப் பொறுப்பதிகாரிக்குக் கடிதம் கொடுத்து, பிரதியில் திகதியும் கையொப்பமும் வாங்கி வையுங்கள். நடுச்சாமத்தில் நாலு பேர் ஒழுங்கை முனையில் நின்றால் ரோந்து வாகனம் முதலில் சந்தேகப்படுவது உங்களைத்தான்.

2. சுற்று

இருவர் இருவராகப் போங்கள். ஒரு முறைக்கு இரண்டு மணித்தியாலம் போதும். அதற்கு மேல் கண் பார்க்கும், மனம் பதியாது. டோர்ச், விசில், சார்ஜ் நிறைந்த போன், குறிப்புப் புத்தகம், அடையாள அட்டை வேண்டும். பொல்லு, கத்தி கூடாது. கைகலப்பு வந்தால் வழக்கு உங்கள் மேல் திரும்பும். தினமும் ஒரே நேரத்தில் சுற்றினால், கள்ளர் அந்த நேரத்தை விட்டுவிட்டு வருவார்கள்.

வழிப்போக்கரிடம் அடையாள அட்டை கேட்காதீர்கள். அந்த அதிகாரம் உங்களுக்கு இல்லை. சோதனைச்சாவடிக் காலத்தில் வாழ்ந்த நம் சனத்துக்கு அந்தக் கேள்வி எப்படி வலிக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

3. குறிப்பு

"கள்ளன் ஓடினான்" என்று எழுதினால் பயனில்லை. "11.40, நீலச் சட்டை, மதிலேறிக் குதித்து ரயில் பாதைப் பக்கம் போனார்" என்று எழுதுங்கள். ஆளின் உயரத்தை வீட்டுக் கேட்டின் உயரத்தோடு ஒப்பிடுங்கள். செருப்பையும் பாருங்கள்: சட்டையை மாற்றுவது சுலபம், செருப்பை மாற்றுபவர் குறைவு. வாகனமென்றால் தகட்டின் எழுத்துகளும் நான்கு இலக்கங்களும் வேண்டும்.

சிசிடிவி இருந்தால் அதன் கடிகாரத்தை உங்கள் போனோடு ஒப்பிட்டு, எத்தனை நிமிடம் பிந்துகிறது என்று எழுதுங்கள். பழைய பதிவின் மேல் புதியது ஏறிவிடும். அடுத்த நாளே பிரதி எடுத்து வையுங்கள்.

4. 119

சம்பவம் நடந்துகொண்டிருந்தால் பொலிஸ் அவசர இலக்கம் 119. எடுப்பவர் உங்கள் ஊர்க்காரர் என்று எண்ண வேண்டாம். இடத்தை முதலில் சொல்லுங்கள்: கொழும்பு 6, வெள்ளவத்தை, ஒழுங்கை இலக்கம், காலி வீதியிலிருந்து கடல் பக்கமா ஹெவ்லொக் வீதிப் பக்கமா. பிறகு என்ன நடக்கிறது, ஆயுதம் உண்டா, எந்தத் திசையில் போனார்கள். பதற்றத்தில் கதையைத் தொடக்கத்திலிருந்து சொல்லப் போய், இடம் சொல்லுமுன் அழைப்பு துண்டிக்கப்படுவதுதான் அடிக்கடி நடப்பது. ஒவ்வொரு சுற்றிலும் சிங்களம் பேசக்கூடிய ஒருவர் இருப்பது நல்லது. காயமென்றால் 1990, இலவச அம்புலன்ஸ்.

5. முறைப்பாடு

தமிழில் கொடுங்கள். 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 109ஆம் பிரிவின்படி, வாய்மொழியாகச் சொன்னதை எழுதி உங்களுக்கு வாசித்துக் காட்ட வேண்டும். விளங்காத மொழியில் எழுதப்பட்டிருந்தால் ஒருவரைக் கொண்டு வாசித்து விளங்கிய பிறகே கையொப்பமிடுங்கள். முறைப்பாட்டு இலக்கத்தையும் திகதியையும் குறித்துக்கொள்ளாமல் வெளியே வராதீர்கள். போன் களவென்றால் பெட்டியிலுள்ள ஐஎம்இஐ இலக்கம் (அந்தப் போனுக்கே உரிய அடையாள இலக்கம்) தேவை. முறைப்பாட்டை ஏற்க மறுத்தால் பொறுப்பதிகாரி, பிறகு உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் அலுவலகம், அதற்கும் மேலே தேசிய பொலிஸ் ஆணைக்குழு.

6. ஆள் அகப்பட்டால்

பிடியாணையின்றிக் கைதுசெய்யக்கூடிய குற்றம் உங்கள் கண்முன் நடந்தால் பிடிக்க அதே சட்டத்தின் 35ஆம் பிரிவு இடம் தருகிறது. ஆனால் தாமதமின்றிப் பொலிஸாரிடம் ஒப்படைக்க வேண்டும். அடிக்க, கட்டிவைத்து விசாரிக்க உரிமையே இல்லை. படமெடுத்து வட்ஸ்அப்பில் போடவும் வேண்டாம். சாட்சி அந்தப் படத்தைப் பார்த்துவிட்டால், சந்தேக நபரைப் பலரோடு நிறுத்தி அடையாளம் காட்டச் சொல்லும் அடையாள அணிவகுப்பில் அவர் காட்டும் ஆளை எதிர்த்தரப்பு சட்டத்தரணி அதை வைத்தே கேள்விக்குள்ளாக்குவார்.