மதத் தீவிரவாதம்: போர்ச் செய்தி பேசும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிரியாவிலோ காபூலிலோ குண்டு வெடித்தால், அன்று சாயங்காலமே நெல்லை வண்ணார்பேட்டை டீக்கடைப் பேச்சு, முஸ்லிம்கள் அதிகம் வாழும் மேலப்பாளையத்தில் வந்து நிற்கிறது. "எல்லாம் அவங்க ஆளுங்கதானே" என்று ஒருவர் சொல்ல, நாலு பேர் தலையாட்டுகிறார்கள். இருக்கிற தவறுகளிலேயே மோசமானது இதுதான். அநியாயம் என்பது ஒருபுறம் இருக்கட்டும், விஷயமே தப்பு.

தீவிரவாதிகள் பெரும்பாலும் முதலில் கை வைப்பது சொந்த மதத்தார் மேல்தான். பொட்டல்புதூர் தர்காவுக்கு இந்துக்களும் நேர்ச்சையோடு போகிறார்கள். நம் பக்கத்தில் அது சாதாரணம். இப்படிப்பட்ட வழிபாட்டைத்தான் ஐ.எஸ். (தன்னை 'இஸ்லாமிய அரசு' என்று அழைத்துக்கொள்ளும் ஆயுதக் குழு) போன்ற அமைப்புகளால் பொறுக்க முடியவில்லை. 2017 பிப்ரவரியில் பாகிஸ்தானின் சேவான் தர்காவில் ஐ.எஸ். நடத்திய தற்கொலைக் குண்டுத் தாக்குதலுக்கு 80 பேருக்கு மேல் பலியானார்கள். அதற்காக, தர்காவுக்குப் போகாத முஸ்லிம்களை எல்லாம் சந்தேகப்படுவது இன்னொரு தவறு. அது மார்க்கத்தில் கருத்து வேறுபாடு, அவ்வளவுதான். தாடியும் பர்தாவும் தீவிரவாதத்துக்கு அடையாளம் இல்லை.

நமக்கு மிக அருகில் நடந்தது இலங்கை. 2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறு. தேவாலயங்களிலும் ஹோட்டல்களிலும் குண்டு வெடித்து 250 பேருக்கு மேல் இறந்தார்கள். தலைமை தாங்கிய சஹ்ரான், அதற்கு இரண்டு வருடம் முன்பே காத்தான்குடியில், தர்கா வழிபாட்டை ஏற்கும் சூஃபி முஸ்லிம்களோடு மோதித் தலைமறைவானவர். அவரைப் பற்றி அதிகாரிகளிடம் முறையிட்டவர்களும் முஸ்லிம்களே. குண்டு வெடித்த பிறகு, தாக்கியவர்களின் உடல்களை ஏற்க மாட்டோம் என்று முஸ்லிம் மத அறிஞர்களின் உலமா சபை சொல்லிவிட்டது. அப்படியும் அடுத்த மாதமே கும்பல்கள் முஸ்லிம்களின் கடைகளையும் பள்ளிவாசல்களையும் தாக்கின. டீக்கடையில் சொன்ன அந்த ஒரு வரி தெருவில் இறங்கினால் இப்படித்தான் முடியும்.

தீவிரவாதம் ஒரே மதத்தின் சொத்து என்பதும் தவறு. காந்தியைச் சுட்டவன் யார் என்பது நமக்குத் தெரியும். 1995-ல் இஸ்ரேல் பிரதமர் ராபினைக் கொன்றது ஒரு யூதத் தீவிரவாதி. மியான்மரில் ரோஹிங்கியா முஸ்லிம்கள் மேல் வெறுப்பை வளர்த்தவர்களில் புத்த பிக்குகளும் உண்டு.

அப்புறம், எல்லாப் போரையும் மதச் சண்டையாகவே பார்ப்பது. ஈரானும் அஜர்பைஜானும் ஷியா முஸ்லிம்கள் அதிகம் உள்ள நாடுகள். ஆனால் ஈரானுக்கு நல்ல உறவு, அஜர்பைஜானோடு போரிட்ட கிறிஸ்தவ ஆர்மீனியாவோடு. அஜர்பைஜானுக்கு ஆயுதம் விற்பது இஸ்ரேல். எல்லை, எண்ணெய், வியாபாரப் பாதை ஆகியவற்றைப் பார்க்காமல் இது விளங்காது. 2003-ல் அமெரிக்கா ஈராக்குக்குள் நுழைந்து ராணுவத்தையே கலைத்தது. வேலை போன அதிகாரிகள் சிலர் பின்னாளில் ஐ.எஸ். படையை நடத்தினார்கள்.

சரி, அப்படியானால் மதத்துக்குச் சம்பந்தமே இல்லையா? அப்படிச் சொல்வதும் தப்பிப்பதுதான். 2014-ல் ஈராக்கின் சிஞ்சாரில் யஸீதி என்ற சிறுபான்மை மதத்துப் பெண்களைப் பிடித்து அடிமைகளாக விற்ற ஐ.எஸ். ஆட்கள் அதற்கு மத நியாயம் எழுதியே வைத்திருந்தார்கள். அந்த வியாக்கியானத்தை மறுத்தவர்கள் உலகெங்கும் உள்ள முஸ்லிம் அறிஞர்கள். அந்த மறுப்பையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

கடைசியாக வாட்ஸ்அப். பழைய சிரியா வீடியோவே புதுப் போரின் காட்சியாக மறுபடி மறுபடி சுற்றுகிறது. எந்த ஊர், எந்தத் தேதி என்று தெரியாத எதையும் அனுப்பாதீர்கள். கடையநல்லூர் பக்கம் எத்தனையோ வீடுகளில் பிள்ளைகள் வளைகுடாவில் வேலை பார்க்கிறார்கள். அந்தப் பெற்றோர் கைக்கும் அதே வீடியோ போய்ச் சேரும்.