சிறிய விமானத்துக்கு ஹெட்செட் வாங்கும் முன்

ஒற்றை எஞ்சின் விமானத்தின் கேபினில் இரைச்சல் 90 டெசிபலை எளிதாகத் தொடும். காது விஷயம், அதனால் ஹெட்செட்டில் கஞ்சத்தனம் வேண்டாம். அதற்காக இருப்பதிலேயே விலை கூடியதைத்தான் வாங்க வேண்டும் என்பதும் இல்லை.

இரைச்சலை மின்னணு முறையில் அடக்கும் ஏ.என்.ஆர். வகை, எஞ்சினும் புரொப்பெல்லரும் எழுப்பும் தாழ்ந்த உறுமலைத்தான் நன்றாகக் குறைக்கும். காற்றின் சீற்றம் போன்ற உயர்ந்த ஒலிகளைத் தடுப்பது பெரும்பாலும் காது மெத்தைதான். ஆகவே மெத்தை காதைச் சுற்றி இடைவெளியில்லாமல் பொருந்துகிறதா என்று முதலில் பாருங்கள். பறக்கும்போது போடும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டே பார்ப்பது நல்லது. கண்ணாடிக் காம்பு தடிமனாக இருந்தால் மெத்தை லேசாகத் தூக்கிக்கொள்ளும். அந்தச் சின்ன இடுக்கு போதும், சத்தம் உள்ளே வந்துவிடும். மெல்லிய கம்பி பிரேம் என்றால் இந்தத் தொல்லை குறைவு.

எடை 350 கிராம் அளவில் இருந்தால் கழுத்துக்கு நிம்மதி. ஐந்து நிமிடம் போட்டுப் பார்த்தால் எதுவும் தெரியாது, அரை மணி நேரமாவது போட்டிருங்கள். உச்சந்தலை வலி அப்புறம்தான் தெரியும்.

பேட்டரி தீர்ந்தாலும் ரேடியோ பேச்சு கேட்க வேண்டும். இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். பிளக்கும் முக்கியம்: சிறிய விமானங்களில் பெரும்பாலும் இரட்டை பிளக், ஹெலிகாப்டரில் பெரும்பாலும் ஒற்றை.

எப்போதாவது ஏறும் பயணிக்கு பேட்டரி இல்லாத சாதாரண வகையே போதும். பழையது வாங்கினால் காது மெத்தையையும் மைக் பஞ்சையும் உடனே மாற்றிவிடுங்கள்.