ஊராட்சித் தலைவரை நீக்கக் கிளம்பும் முன்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் மதுரை கலெக்டர் ஆபீஸுக்கு வரும் மனுக்களில், "எங்க ஊர் தலைவரைப் பதவியிலிருந்து எடுங்க" என்பதும் அவ்வப்போது இருக்கும். பின்னால் பக்கம் பக்கமாக ஊரார் கையெழுத்து. கோபம் நியாயமானதாகவே இருக்கலாம். ஆனாலும் அந்தக் கையெழுத்துகளை வைத்துத் தலைவரை இறக்க முடியாது.

வாக்காளர்களே ஓட்டுப் போட்டுத் திரும்ப அழைக்கும் முறை மத்தியப் பிரதேசம், ஹரியானா போன்ற மாநிலங்களில் உண்டு. தமிழ்நாட்டில் இல்லை. கிராம சபைத் தீர்மானத்தாலும் பதவி போகாது. இங்கே இருக்கும் வழி, 1994-ஆம் ஆண்டு தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தின் 205-வது பிரிவு. கலெக்டர் தாமாகவே நடவடிக்கையைத் தொடங்கலாம். இல்லையென்றால் ஊராட்சியின் வார்டு மெம்பர்கள் குற்றச்சாட்டுகளை எழுதிக் கையெழுத்துப் போட்டு, அவர்களில் இருவர் கலெக்டரிடம் நேரில் கொடுக்க வேண்டும். தபாலில் அனுப்பிவிட்டுக் காத்திருக்காதீர்கள்.

எத்தனை கையெழுத்து வேண்டும் என்பதிலும் பலர் சறுக்குகிறார்கள். ஊராட்சிக்கு அனுமதிக்கப்பட்ட மெம்பர்களின் மொத்த எண்ணிக்கையில் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். ஒரு வார்டு காலியாகக் கிடந்தாலும் அதையும் சேர்த்துத்தான் கணக்கு.

மனுக்கள் அதிகம் தோற்பது குற்றச்சாட்டை எழுதும் விதத்தில்தான். "ஊழல் செய்கிறார், யாரையும் மதிப்பதில்லை" என்பது புலம்பல். "இன்ன தெருவில் போர்வெல் போட்டதாக இன்ன தேதியில் செக் போயிருக்கிறது, அந்த இடத்தில் போர்வெல்லே இல்லை" என்பது குற்றச்சாட்டு. தீர்மான நோட்டு, பில், ஓவர்சியரின் அளவுப் புத்தகம் ஆகியவற்றின் நகல்களை முதலில் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள்; 10 ரூபாய்தான் கட்டணம், 30 நாளில் பதில் வர வேண்டும். ஊராட்சி செக்கில் துணைத் தலைவரும் கையெழுத்துப் போடுகிறார் என்பதை மறந்துவிடாதீர்கள். மனுவில் முன்னால் நிற்பவர் அவரேயானால், முதல் கேள்வி அவரிடம்தான் வரும்.

தலைவருக்கு நோட்டீஸ் போய், அவர் விளக்கம் கொடுத்து, அது ஏற்கும்படி இல்லையென்றால்தான் தாசில்தார் ஊராட்சிக் கூட்டத்தைக் கூட்டுவார். இடையில் அவசரப்படுத்தாதீர்கள். விளக்கம் சொல்ல வாய்ப்புத் தராமல் போட்ட உத்தரவு உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் நிற்காது. தாசில்தார் கூட்டத்துக்கு மெம்பர்கள் அவசியம் வர வேண்டும். மனுவில் கையெழுத்துப் போட்டவர் அன்றைக்கு வெளியூர் போய்விட்டால் அவருடைய கருத்து பதிவாகாது. அதன்பிறகும் கடைசி முடிவு கலெக்டருடையதே.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். உசிலம்பட்டிப் பக்கம் பாப்பாபட்டி, கீரிப்பட்டியில் தலைவர் பதவி பட்டியல் சாதியினருக்கான தனித்தொகுதி ஆனதால் பத்து வருஷம், 2006 வரை, தேர்தலே ஒழுங்காக நடக்க முடியவில்லை. மேலூர்ப் பக்கம் மேலவளவில் 1997-ல் பட்டியல் சாதியைச் சேர்ந்த தலைவர் முருகேசன் வெட்டிக் கொல்லப்பட்டார். ஆகவே பட்டியல் சாதித் தலைவர் மீது மனு எழுதும்போது, இதே தவறை வேறு சாதிக்காரர் செய்திருந்தால் கையெழுத்துப் போட்டிருப்போமா என்று மெம்பர்கள் ஒவ்வொருவரும் யோசிக்க வேண்டும். மனு நிலுவையில் இருக்கிறது என்று சொல்லி அவரை நாற்காலியில் உட்காரவிடாமல், ஆபீஸைப் பூட்டி, வேலை செய்யவிடாமல் தடுத்தால் அது வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். உத்தரவு வரும்வரை தலைவர் அவர்தான்.