அலுவலகம் லினக்ஸுக்கு மாறும்போது எழும் மென்பொருள் சிக்கல்கள்: காரணத்தைக் கண்டறிவது எப்படி?

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14 அன்று முடித்துக்கொண்டதால், விண்டோஸ் 11-இன் வன்பொருள் நிபந்தனைகளுக்குள் வராத கணினிகளை வைத்திருக்கும் அலுவலகங்களுக்கு லினக்ஸ் நடைமுறைக்கு உகந்த ஒரு வழியாகிவிட்டது. இயங்குதளத்தை நிறுவுவது பெரிய வேலை அல்ல. ஊழியர்கள் அன்றாடப் பணியைத் தொடங்கிய பிறகுதான் புகார்கள் வரும். கடிதத்தின் பக்கங்கள் கலைந்திருப்பது, பில் அச்சாகாதது, பொதுக் கோப்புறை திறக்காதது ஆகிய எல்லாமே "லினக்ஸில் வரவில்லை" என்ற ஒரே வாக்கியமாகத்தான் உங்களிடம் வந்துசேரும். கோளாறு உண்மையில் கோப்பில் இருக்கிறதா, பயனர் கணக்கின் அமைப்புகளில் இருக்கிறதா, மென்பொருளில் இருக்கிறதா, வெளியே உள்ள சாதனத்தில் இருக்கிறதா என்று பிரித்தறிவதே முதல் வேலை. அதற்கு முன்பே மென்பொருளை நீக்கி மறுபடி நிறுவுவதில் பயனில்லை; லினக்ஸில் மென்பொருள் நீங்கினாலும் பயனரின் அமைப்புகள் அவருடைய முகப்புக் கோப்புறையில் தங்கிவிடுவதால், பழைய கோளாறும் அப்படியே திரும்பிவரும்.

பிரித்தறியும் முறை எளிது. சிக்கல் தரும் கோப்பை முதலில் வேறொரு லினக்ஸ் கணினியில் திறந்து பாருங்கள். அங்கும் அதே கோளாறு தெரிந்தால் கோப்பையோ மென்பொருளின் பதிப்பையோ சந்தேகிக்கலாம். அங்கு சரியாகத் திறந்தால், சிக்கல் வந்த கணினியிலேயே புதிய பயனர் கணக்கு ஒன்றை உருவாக்கி அதில் முயல வேண்டும். புதிய கணக்கில் சிக்கல் மறைந்துவிட்டால் காரணம் பழைய கணக்கின் அமைப்புகள்தான். எம்எஸ் ஆபிஸுக்கு இணையாக லினக்ஸில் பயன்படும் லிப்ரே ஆபிஸில் இதற்குத் தனிக் கணக்கு கூடத் தேவையில்லை. உதவி மெனுவில் உள்ள பாதுகாப்பு முறையில் மீண்டும் தொடங்கினாலே போதும். புதிய கணக்கிலும் சிக்கல் நீடித்தால் மென்பொருளை டெர்மினல் என்ற கட்டளைச் சாளரத்திலிருந்து இயக்கி, அது மூடும்போது வெளியிடும் பிழைச்செய்தியைச் சொல் மாறாமல் குறித்துக்கொள்ளுங்கள்.

தமிழ் அலுவலகங்களில் மிகுதியான நேரத்தை விழுங்குவது எழுத்துரு. ஆங்கில ஆவணங்களில் காலிப்ரிக்குப் பதில் கார்லிட்டோவும், கேம்ப்ரியாவுக்குப் பதில் கலாடியாவும், ஏரியல், டைம்ஸ் நியூ ரோமன் ஆகியவற்றுக்குப் பதில் லிபரேஷன் எழுத்துருக்களும் நிறுவப்பட்டிருந்தால், அவற்றின் எழுத்து அகலங்கள் ஒன்றே என்பதால் பக்கங்கள் பெரும்பாலும் கலையாது. லதா, நிர்மலா போன்ற தமிழ் எழுத்துருக்களின் இடத்துக்கு லினக்ஸில் கிடைக்கும் நோட்டோ அல்லது லோகித் எழுத்துரு வரும்போது அந்த அகலப் பொருத்தம் கிடைப்பதில்லை. ஆகவே கடிதத்தாள், சான்றிதழ் போன்ற வார்ப்புருக்களை நோட்டோவில் ஒருமுறை புதிதாக அமைத்துவிடுவதே நல்லது; ஒவ்வொரு கடிதமாகச் சரிசெய்யத் தொடங்கினால் அந்த வேலைக்கு முடிவே இராது.

பாமினி போன்ற பழைய எழுத்துருக்களின் கதை வேறு. அவை ஆங்கில எழுத்துகளின் இடங்களில் தமிழ் வடிவங்களை வைத்திருப்பதால், எழுத்துரு இல்லாத கணினியில் அந்த ஆவணம் ஆங்கில எழுத்துகளும் நிறுத்தற்குறிகளும் கலந்த குவியலாகத் தெரியும். கோப்பு கெட்டுவிட்டதாக ஊழியர்கள் நினைத்துவிடுவார்கள், கெடவில்லை. எழுத்துருவைக் கணினி முழுமைக்குமான கோப்புறையில் நிறுவினால் ஆவணம் படிக்கக் கிடைக்கும். ஒரே கணக்கில் மட்டும் சேர்த்தால் அடுத்த கணக்கில் நுழைபவர் அதே புகாரோடு வருவார். யுனிகோடுக்கு மாற்றும்போது பாமினியில் உள்ள பகுதியை மட்டும் மாற்ற வேண்டும். முழு ஆவணத்தையும் மாற்றியில் போட்டால் இடையிலுள்ள ஆங்கிலப் பெயர்களும் எண்ணற்ற பிழைகளோடு தமிழாகிவிடும். இன்னொன்றும் உண்டு: லிப்ரே ஆபிஸ் யுனிகோடு தமிழைச் சிக்கலான எழுத்தமைப்பு என்ற பிரிவிலும், பாமினியை மேற்கத்திய எழுத்து என்ற பிரிவிலும் கையாள்கிறது. எழுத்துருவை மாற்றியும் தமிழ் மட்டும் மாறவில்லை என்றால், மாற்றம் தவறான பிரிவில் செய்யப்பட்டிருக்கலாம்.

அச்சுப்பொறிச் சிக்கலில், உலாவியில் லோக்கல்ஹோஸ்ட் முகவரியின் 631-ஆம் போர்ட்டைத் (localhost:631) திறந்து, லினக்ஸில் அச்சுப்பணியைக் கவனிக்கும் கப்ஸ் மென்பொருளின் பக்கத்திலிருந்தே சோதனைத் தாள் ஒன்றை அச்சிடுங்கள். அது சரியாக வந்தால் சிக்கல் மென்பொருளில். வராவிட்டால் டிரைவரிலோ இணைப்பிலோ. ஏர்பிரிண்ட் வசதியுள்ள நெட்வொர்க் அச்சுப்பொறிகளுக்குத் தனி டிரைவர் பெரும்பாலும் வேண்டியதில்லை. கேனான் எல்பிபி 2900 போன்ற பழைய மாதிரிகளுக்குத் தயாரிப்பாளரின் தனி டிரைவர் தேவைப்படும் என்பதால், அவற்றை மாற்றத்துக்கு முன்பே சோதித்துவிட வேண்டும். பில் அடிக்கும் டாட் மேட்ரிக்ஸ் மெதுவாக அச்சிட்டால், பக்கம் படமாக அனுப்பப்படுகிறதா என்று பார்த்து, முடிந்தால் வெற்று உரையாக அனுப்பச் செய்யுங்கள்.

பொதுக் கோப்புறை திறக்காததற்கு அடிக்கடி நேரும் காரணம் பழைய சேமிப்புச் சாதனம். விண்டோஸ் முறையில் கோப்புகளைப் பகிர லினக்ஸில் உதவும் மென்பொருள் சாம்பா; 2019-இல் வந்த அதன் 4.11 பதிப்பு முதல், அத்தகைய சாதனங்கள் நம்பியிருக்கும் எஸ்எம்பி1 என்ற பழைய கோப்புப் பகிர்வு நெறிமுறை இயல்பாகவே அணைக்கப்பட்டுள்ளது. 2017-இல் வான்னாக்ரை என்ற பணயத் தீநிரல் பரவியது விண்டோஸின் எஸ்எம்பி1-இல் இருந்த ஓட்டை வழியாகத்தான் என்பதால், அந்த நெறிமுறையை மறுபடி இயக்குவதைவிடச் சாதனத்தைப் புதுப்பிப்பதே சரி. கோப்புறை கோப்பு மேலாளரில் திறந்து, குறிப்பிட்ட ஒரு மென்பொருளில் மட்டும் தெரியாவிட்டால், அது ஸ்நாப் அல்லது பிளாட்பேக் என்ற, கணினியின் மற்ற பகுதிகளிலிருந்து தனிமைப்படுத்தப்பட்ட தொகுப்பு வடிவில் நிறுவப்பட்டதா என்று பாருங்கள்; அவ்வடிவங்களுக்குக் கோப்புறை அனுமதி தனியாகத் தர வேண்டும். உபுண்டு 22.04 முதல் ஃபயர்பாக்ஸும் ஸ்நாப்பாகவே வருகிறது. டிஜிட்டல் கையொப்ப டோக்கனை அது ஏற்காதபோது மொசில்லாவே தரும் டெப் (.deb) என்ற வழக்கமான வடிவத் தொகுப்பை நிறுவிப் பார்க்கலாம்.

டேலி போல விண்டோஸுக்கென்றே எழுதப்பட்டவற்றை, விண்டோஸ் மென்பொருள்களை லினக்ஸில் இயக்க முயலும் ஒயினில் ஓட்டப் போராடுவதை நான் பரிந்துரைப்பதில்லை. இன்று ஓடினாலும் அடுத்த புதுப்பிப்பில் நின்றுபோகலாம். நிற்பதோ பெரும்பாலும் வரித்தாக்கல் நெருங்கும் வாரமாக இருக்கும். ஆதரவுள்ள விண்டோஸ் கணினி ஒன்றை அதற்கென ஒதுக்கி, மற்றவர்கள் ரெம்மினா என்ற தொலைத்திரை மென்பொருள் வழியாக உரிமத்துக்கு உட்பட்டு இணைவது போதும்.

இரண்டு இயங்குதளங்களும் ஒரே கணினியில் இருந்தால் கடிகாரத்தையும் கவனியுங்கள். வன்பொருள் கடிகாரத்தை விண்டோஸ் உள்ளூர் நேரமாகவும் லினக்ஸ் உலகப் பொது நேரமாகவும் கொள்வதால், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போனதும் நேரம் ஐந்தரை மணி மாறித் தெரியும். அலுவலகப் பயனர் கணக்குகளை ஓரிடத்தில் நிர்வகிக்கும் மைக்ரோசாஃப்டின் ஆக்டிவ் டைரக்டரியில் இயல்பாக அனுமதிக்கப்படும் நேர வேறுபாடு 5 நிமிடம் மட்டுமே. அதைத் தாண்டினால் கடவுச்சொல் சரியாக இருந்தும் நுழைவு மறுக்கப்படலாம். கடவுச்சொல்லை மாற்றித்தருமுன் நேரத்தைப் பாருங்கள்.