ஸ்லாம் டங்க்: எதில் தொடங்குவது, எதைத் தள்ளிவைப்பது

ஸ்லாம் டங்க் என்ற ஜப்பானியக் கூடைப்பந்துக் கதையைப் பற்றி எங்காவது கேள்விப்பட்டு, சரி பார்க்கலாம் என்று உட்கார்ந்தால் முதலில் தலை சுற்றும். 31 தொகுதி மங்கா, அதாவது ஜப்பானியப் படக்கதை, இருக்கிறது, 101 எபிசோட் டிவி தொடர் இருக்கிறது, தொண்ணூறுகளில் வந்த நாலு குட்டிப் படங்கள் இருக்கின்றன, 2022இல் வந்த பெரிய படம் ஒன்றும் இருக்கிறது. எல்லாம் ஒரே கதைதானா, ஒன்றைப் பார்த்தால் இன்னொன்று வேண்டாமா என்று யாரும் தெளிவாகச் சொல்வதில்லை.

என் பதில் சுருக்கமானது: மங்காவை முழுதாகப் படியுங்கள், அதை முடித்த பிறகு 2022 படத்தைப் பாருங்கள். டிவி தொடருக்கு நேரமிருந்தால் நடுவில் எங்கேயாவது இடம் கொடுங்கள், அந்த நாலு குட்டிப் படங்களை மறந்துவிடுங்கள்.

இந்த வரிசைக்குக் காரணம் கதையின் கடைசிப் போட்டி. தகேஹிகோ இனோவே இந்த மங்காவை ஷூயிஷா நிறுவனத்தின் வீக்லி ஷோனென் ஜம்ப் இதழில் 1990 முதல் 1996 வரை எழுதி வரைந்தார். டிவி அசாஹியில் டோயி அனிமேஷனின் தொடர் 1993 அக்டோபரில் தொடங்கி 1996 மார்ச்சில் நின்றுவிட்டது. அப்போது இதழில் கதாநாயகனின் ஷோஹோகு பள்ளிக்கும் சன்னோ பள்ளிக்கும் நடக்கும் அந்தக் கடைசி ஆட்டம் ஓடிக்கொண்டிருந்தது, மங்கா அந்த ஜூனில்தான் முடிந்தது. அதனால் டிவி தொடரில் தேசியப் போட்டியே கிடையாது. அணி ரயிலேறிக் கிளம்பும் கட்டத்தோடு கதையை விட்டுவிடுவார்கள். 2022 படமோ அந்த சன்னோ ஆட்டத்தை மட்டுமே எடுத்துக்கொள்கிறது. டிவியில் பார்த்துவிட்டு நேராகப் படத்துக்குத் தாவுகிறவர்களுக்கு நடுவில் ஒரு பெரிய துண்டு விட்டுப்போகும், அதில்தான் கதாநாயகன் சகுராகி ஒரு வாரத்தில் 20,000 முறை பந்தை எறிந்து பழகும் பகுதி இருக்கிறது. அதைப் படிக்காமல் கடைசி ஆட்டத்தைப் பார்ப்பது எனக்கு ஒப்பவே இல்லை.

இனி மங்காவை எப்படிப் படிப்பது என்று பார்ப்போம். பக்கங்கள் வலமிருந்து இடமாகப் போகும், ஆங்கில மொழிபெயர்ப்பிலும் அப்படியேதான் விட்டிருக்கிறார்கள். ஜப்பானில் இதே கதை மூன்று வடிவத்தில் கிடைக்கிறது: முதலில் வந்த 31 தொகுதிகள், பிறகு பெரிய அளவில் 24 தொகுதிகள், 2018இல் புது அட்டைகளோடு 20 தொகுதிகள். உள்ளே இருப்பது ஒரே கதைதான், ஆனால் தொகுதி எண்கள் பொருந்தாது. நான் இங்கே சொல்லும் எண்கள் எல்லாம் 31 தொகுதிப் பதிப்புக்கானவை, விஸ் மீடியாவின் ஆங்கிலப் பதிப்பும் 31தான்.

கைபேசியில் படிக்காதீர்கள். இதை ஒரு விருப்பமாக எடுத்துக்கொள்ளாமல் கட்டாயமாகவே எடுத்துக்கொள்ளுங்கள். இனோவே முக்கியமான தருணங்களை இரண்டு பக்கம் சேர்த்து ஒரே படமாக வரைவார், கைபேசித் திரையில் அது இரண்டாக வெட்டுப்பட்டு, முதலில் வலது பாதி, அப்புறம் இடது பாதி என்று வரும்போது ஒன்றுமே புரியாது. அச்சுப் புத்தகம் நல்லது, இல்லையென்றால் டேப்லெட்டைப் படுக்கை வாக்கில் திருப்பி வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் சில தொகுதிகளில் பலர் கழன்றுகொள்கிறார்கள். நடுநிலைப் பள்ளியில் 50 பெண்களிடம் காதலைச் சொல்லி 50 பேரும் மறுத்த சிவப்புத் தலை ரௌடி சகுராகி, ஹாருகோ என்ற பெண்ணைக் கவர்வதற்காகக் கூடைப்பந்து அணியில் சேர்கிறான், பந்தைத் தரையில் தட்டவே தெரியாமல் தன்னை மேதை என்று அறிவித்துக்கொள்கிறான், நடுநடுவே அடிதடி. விளையாட்டுக் கதை என்று நம்பி வந்தவருக்கு எரிச்சலாக இருக்கும். இருந்தாலும் தாண்டிப் போகாதீர்கள். அவன் வெறுத்துக்கொண்டே மூலையில் செய்யும் டிரிப்ளிங் (பந்தைத் தரையில் தட்டும்) பயிற்சி, ஹாருகோவோடு பழகும் எளிய லே-அப் (ஓடிவந்து கூடைக்கு அருகிலிருந்து பந்தைப் போடுவது) எல்லாம் பின்னால் போட்டிகளில் ஒவ்வொன்றாகத் திரும்பி வரும், எப்போது எதைக் கற்றான் என்று உங்களுக்கு நினைவிருந்தால்தான் அது வேலை செய்யும். எட்டாவது தொகுதி வரைக்கும் பொறுமையாகப் போங்கள். அணியின் பழைய ஆட்டக்காரன் மிட்சுய் வரும் அந்த உடற்பயிற்சிக்கூடச் சண்டையும் அதன் முடிவும் வந்த பிறகும் கதை உங்களைப் பிடிக்கவில்லை என்றால் விட்டுவிடலாம், இது உங்களுக்கான கதை அல்ல.

பெயர்களில் ஒரு சிறு தொல்லை உண்டு. சகுராகி யாரையும் ஒழுங்கான பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டான். கேப்டன் அககி அவனுக்கு கோரி, துணை கேப்டன் கொகுரே மெகானே-குன், மியாகி ரியோ-சின், மிட்சுய் மிட்சி, ருகாவா நரி, பயிற்சியாளர் அன்சாய் வெறும் கிழவர். மொழிபெயர்ப்பைப் பொறுத்து இவை மாறவும் செய்யும். ஷோஹோகுவின் ஐந்து பேரையும் உருவத்தாலும் சட்டை எண்ணாலும் பிடித்துக்கொண்டால் குழப்பம் தீரும்: அககி 4, மியாகி 7, சகுராகி 10, ருகாவா 11, மிட்சுய் 14. கேப்டனுக்கு ஏன் 1 இல்லாமல் 4 என்று கேட்பீர்கள். அப்போதைய சர்வதேச விதிப்படி எண்கள் 4இலிருந்துதான் தொடங்கும், ஏனென்றால் நடுவர் புள்ளிகளைக் காட்ட 1, 2, 3 விரல்களைப் பயன்படுத்துவதால் அந்த எண்களை ஆட்டக்காரர்களுக்குக் கொடுத்தால் குழப்பம்.

கூடைப்பந்து தெரியாதவர்கள் இந்தக் கதையைத் தாராளமாகப் படிக்கலாம், சகுராகிக்கும் ஒன்றும் தெரியாது என்பதால் எல்லாவற்றையும் அவனுக்குச் சொல்லும் சாக்கில் நமக்கும் சொல்லிவிடுவார்கள். தெரிந்தவர்களுக்குத்தான் சில இடங்களில் இடிக்கும், ஏனென்றால் இது 2000க்கு முந்தைய விதிகளில் நடக்கும் ஆட்டம். இப்போது நாம் பார்க்கும் நாலு கால்பகுதிகள் இல்லை, 20 நிமிடம் கொண்ட இரண்டு பாதிகள். பந்து கையில் வந்தால் 24 நொடி அல்ல, 30 நொடிக்குள் எறிய வேண்டும். தன் பாதியிலிருந்து நடுக்கோட்டைத் தாண்ட 8 நொடி அல்ல, 10 நொடி. கடைசியாகச் சொன்னதை நன்றாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள், சன்னோ அணி அரங்கம் முழுக்க நெருக்கிப் பிடிக்கும்போது அந்த 10 நொடிக்குள் பந்தை நடுக்கோட்டுக்கு அப்பால் கொண்டுபோவதுதான் மியாகியின் வாழ்வா சாவா பிரச்சினை. ஐந்து ஃபவுல் ஆனால் வெளியேற வேண்டும் என்பதில் மட்டும் மாற்றமில்லை, தொடக்கப் போட்டிகளில் சகுராகி அதை ஒரு வழக்கமாகவே வைத்திருப்பான்.

போட்டிகளைப் படிக்கும்போது நான் எல்லாரிடமும் சொல்வது ஒன்றுதான்: பந்தை விட்டுவிட்டு, பந்து இல்லாதவர்களைப் பாருங்கள். எதிர் அணியில் யார் யாரைக் காவல் காக்கிறார்கள், அதை எப்போது மாற்றுகிறார்கள், கூடைக்கு அடியில் யாருடைய முதுகு யாரைத் தடுக்கிறது என்பதெல்லாம் ஒவ்வொரு கட்டத்திலும் சரியாக வரையப்பட்டிருக்கும். இனோவே பள்ளியில் கூடைப்பந்து ஆடியவர், அதனால் கால் வைக்கும் இடம்கூடப் பொய்யாக இருக்காது. சகுராகியின் உண்மையான திறமை கதையின் பெயரில் இருக்கும் டங்க் (குதித்துப் பந்தைக் கூடைக்குள் திணிப்பது) அல்ல, ரீபவுண்ட் (கூடையில் விழாமல் திரும்பும் பந்தைப் பிடிப்பது). அதை அககி சொல்லிக்கொடுக்கும் பகுதியை நிதானமாகப் படித்தால் பிறகு வரும் ஒவ்வொரு ஆட்டமும் இரண்டு மடங்கு சுவைக்கும்.

கனகாவா மாகாணச் சுற்றுதான் கதையின் நடுப்பகுதி. ஷோயோ, கைனான், ரியோனன் என்று மூன்று பெரிய ஆட்டங்கள். கடைசிச் சுற்றில் நாலு பள்ளிகள் ஒன்றோடொன்று மோதி, முதல் இரண்டு இடம் பிடிப்பவர்கள் தேசியப் போட்டிக்குப் போவார்கள், ஒரு ஆட்டம் தோற்றால் எல்லாம் முடிந்தது என்ற கணக்கு அங்கே இல்லை. எனக்குப் பிடித்தது கைனான் ஆட்டம், கடைசி நொடிகளுக்காக. 21ஆம் தொகுதியில் ரியோனன் ஆட்டம் முடியும், அதன்பின் ஒரு நாள் இடைவெளி விட்டுப் படிப்பது நல்லது.

ஏனென்றால் 25இலிருந்து 31 வரை கிட்டத்தட்ட ஒரே ஆட்டம்தான். இதை ஒரே அமர்வில் படிக்க நேரம் ஒதுக்குங்கள். போகப் போகப் பேச்சு குறைந்துகொண்டே வந்து, கடைசி நிமிடத்துக்கு வரும்போது ஒரு சொல்கூட இல்லாமல் பக்கம் பக்கமாகப் போகும். வசனம் இல்லை என்றால் நம் விரல் தானாகவே வேகமாகப் புரட்டும், அங்கே கட்டுப்படுத்திக்கொள்ளுங்கள். கண்கள் எந்தப் பக்கம் பார்க்கின்றன, பந்து யாருடைய கையிலிருந்து கிளம்பியது என்று பார்த்துப் பார்த்துத்தான் நகர வேண்டும். முதல் தொகுதியில் கார்ட்டூன் முகத்தோடு துள்ளிய அதே பையனை இங்கே வரைந்திருக்கும் விதத்தைப் பார்த்தால் ஆறு வருடத்தில் ஓவியர் எவ்வளவு வளர்ந்திருக்கிறார் என்று தெரியும். கதைக்குள் கடந்ததோ வெறும் நாலு மாதம்!

டிவி தொடரை நான் ஒதுக்கச் சொல்லவில்லை. பாட் (BAAD) என்ற இசைக்குழு பாடிய முதல் தொடக்கப் பாட்டு ஆசியா முழுக்க ஒரு தலைமுறைக்கே மனப்பாடம், நகைச்சுவைப் பகுதிகள் குரலோடு வரும்போது மங்காவைவிட நன்றாகவே இருக்கின்றன, குறிப்பாக சகுராகிக்குத் தகேஷி குசாவோ கொடுக்கும் குரல். பிரச்சினை வேகம்தான். வாரம் ஒன்று என்று நீட்ட வேண்டிய கட்டாயத்தில், ஒருவன் பந்தோடு அரங்கத்தின் மறுமுனைக்குப் போய்ச் சேருவதற்குள் நாலு பேர் மனதுக்குள் பேசி முடித்து, இரண்டு பழைய நினைவுகளும் வந்து போய்விடும். மிட்சுய் அணிக்குத் திரும்பும் வரைக்கும் பாருங்கள், அதன்பின் அலுத்தால் குற்ற உணர்வே இல்லாமல் நிறுத்திவிட்டு மங்காவுக்குப் போய்விடுங்கள். முழுதும் பார்த்து முடித்தவர்கள் 22ஆம் தொகுதியிலிருந்து படித்தால் போதும், சில பக்கங்கள் தெரிந்ததாக இருக்கும், பரவாயில்லை.

அடுத்து படம். தி ஃபர்ஸ்ட் ஸ்லாம் டங்க், 2022 டிசம்பர் 3இல் ஜப்பானில் வெளியானது, இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் அதிகம். எழுதி இயக்கியவர் இனோவேயே. வெளியாவதற்கு முன் பழைய குரல் நடிகர்களை மாற்றிவிட்டார்கள் என்று ரசிகர்கள் கொதித்தார்கள், அப்புறம் வரிசையில் நின்று பார்த்தார்கள், ஜப்பானில் மட்டும் வசூல் 1,500 கோடி யென்னைத் தாண்டியது. படத்தின் மையம் சகுராகி அல்ல, மியாகி ரியோட்டா. ஒகினாவாவில் அவனுடைய சிறுவயது, அண்ணன், அம்மா என்று மங்காவில் இல்லாத கதையை சன்னோ ஆட்டத்தின் நடுநடுவே வைத்திருக்கிறார். மங்கா படித்தவர்களுக்குப் பழைய ஆட்டமே புதிய ஆளின் கண் வழியாகத் தெரியும், படிக்காதவர்களுக்கு மற்ற நாலு பேரும் ஏன் இப்படி உயிரைக் கொடுக்கிறார்கள் என்பது பாதிதான் புரியும். முடிவு வேறு தெரிந்துபோகும். அதனால்தான் கடைசியில் வைக்கச் சொல்கிறேன். வாழ்க்கையில் ஸ்லாம் டங்குக்கு இரண்டு மணி நேரம்தான் தருவேன் என்று அடம்பிடிப்பவர்கள் மட்டும் நேராகப் படத்துக்குப் போகலாம்.

பார்க்கும்போது ஜப்பானிய ஒலியில் சப்டைட்டிலோடு பாருங்கள், நல்ல ஹெட்ஃபோன் போட்டுக்கொள்ளுங்கள். தரையில் காலணி உரசும் சத்தமும் பந்தின் சத்தமும் பாதிப் படம், முடிவில் அந்தச் சத்தத்தை அவர்கள் என்ன செய்கிறார்கள் என்பதை டிவி ஸ்பீக்கரில் கேட்டால் வீண்தான். மங்காவில் உங்களுக்குப் பிடித்த ஏதாவது ஒரு காட்சி படத்தில் கண்டிப்பாக விட்டுப்போயிருக்கும், அதைத் தேடிக்கொண்டு உட்காராதீர்கள்.

இதெல்லாம் முடித்தும் ஏக்கம் தீராவிட்டால் இரண்டு சின்ன விஷயங்கள் உண்டு. 1998இல் இனோவே பியர்ஸ் என்று ஒரு குட்டி மங்கா வரைந்தார், மியாகியின் கதைக்கு விதை அதில் இருக்கிறது, படத்தின் துணைநூலில் அதைச் சேர்த்திருக்கிறார்கள். இன்னொன்று 2004 டிசம்பரில், ஜப்பானில் விற்பனை 10 கோடிப் பிரதிகளைத் தாண்டியதற்கு நன்றியாக, கனகாவாவில் மூடப்பட்ட ஒரு உயர்நிலைப் பள்ளியின் கரும்பலகைகளில் கடைசி ஆட்டத்துக்குப் பத்து நாள் கழித்து நடப்பதைச் சுண்ணக்கட்டியால் வரைந்தார், அதுவும் பிறகு புத்தகமாக வந்தது. பெரிய திருப்பம் எதுவும் இல்லை, எல்லாரும் எப்படி இருக்கிறார்கள் என்று ஒரு எட்டுப் பார்த்துவிட்டு வருவது போலத்தான்.

ஜப்பானுக்கே போகிறவர்கள் டிவி தொடரின் தொடக்கப் பாட்டில் வரும் ரயில்வே கிராசிங்கைத் தேடிப் போவார்கள். எனோடென் ரயில் பாதையில் காமகுராகோகோ-மயே நிலையத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது, பின்னால் கடல். கூட்டம் சொல்ல முடியாத அளவு, சாலை நடுவில் நின்று படமெடுப்பவர்களால் அங்கே குடியிருப்பவர்களுக்குப் பெரும் தலைவலி. நடைபாதையில் நின்றே எடுங்கள், அதிகாலையில் போங்கள்.

அடுத்து என்ன படிப்பது என்றால், இனோவேயின் ரியல். சக்கர நாற்காலிக் கூடைப்பந்து பற்றியது, 1999இல் தொடங்கியது. குரோகோவின் கூடைப்பந்து என்ற இன்னொரு மங்காவுக்கு அப்புறம் போகலாம். அதில் ஆட்டக்காரர்களுக்கு மாயசக்தி மாதிரி திறமைகள் இருக்கும், ஸ்லாம் டங்க் முடித்த கையோடு எடுத்தால் ஒட்டாது.