கடல் சேற்றில் மலை இலையைத் தேடுவது எப்படி?

ஏற்காட்டுக் காபித் தோட்டத்தில் உதிரும் இலை, மழையில் திருமணிமுத்தாற்றுக்கு வந்து, சேலத்தைத் தாண்டி, நாமக்கல் மாவட்டத்தில் காவிரியில் சேர்கிறது. அங்கிருந்து பூம்புகார் கடலடிக்கும் கொஞ்சம் போகுமா? எந்தத் தோட்டத்து இலை என்றெல்லாம் சேறு சொல்லாது. நிலத்துச் சரக்கா, கடலில் விளைந்ததா என்று பிரிக்கலாம்.

முதலில் சேறு. மேல் 2 செ.மீ. போதும். எடுத்தவுடன் ஐஸ் பெட்டியில் வையுங்கள். இல்லையென்றால் ஊர் வந்து சேர்வதற்குள் நுண்ணுயிர்கள் பாதியை மேய்ந்துவிடும். அப்புறம் 50 டிகிரியில் காயவைத்து, சிப்பித் துண்டுகளைப் பொறுக்கிவிட்டு, மாவாக அரைத்து இரண்டு பங்காக்குங்கள்.

ஒரு பங்குக்கு நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம். சிப்பியிலும் கார்பன் உண்டு, ஆனால் அது இலை, பாசி போன்ற கரிமப் பொருள் இல்லை. கரைத்து வெளியேற்ற வேண்டும். நுரை அடங்கினால் வேலை முடிந்தது என்பார்கள். திருமணிமுத்தாற்று மண்ணில் பழகிப் பார்த்தபோது நான் ஏமாந்தது இங்கேதான். நம் ஊர் வெள்ளைக்கல், அதாவது மேக்னசைட், சிப்பி மாதிரியே கார்பன் உள்ளது; ஆனால் குளிர்ந்த அமிலத்தில் நுரைக்கவே நுரைக்காது. லேசாகச் சூடாக்கி, இரவு முழுக்க விட்டு, பிறகு கழுவிக் காயவையுங்கள். கார்பனை இந்தப் பங்கில் அளக்க வேண்டும். அமிலம் கொஞ்சம் நைட்ரஜனையும் அடித்துப் போய்விடும் என்பதால் அதை மட்டும் அமிலம் படாத பங்கில்.

அளப்பது ஆய்வகத்தின் வேலை. கைக்கு இரண்டு எண்கள் வரும். ஒன்று, கார்பன்-நைட்ரஜன் விகிதம்: கடல் பாசிக்கு 4 முதல் 10, மர இலைக்கு 20-க்கு மேல். இன்னொன்று கார்பன்-13 மதிப்பு, அதாவது கார்பனின் கனமான வகை ஒரு பொது அளவுகோலைவிட எவ்வளவு கூட, குறைய என்பது, ஆயிரத்துக்கு இத்தனை என்ற கணக்கில்: மர இலை மைனஸ் 27 வாக்கில், கடல் மிதவையுயிர் மைனஸ் 20 வாக்கில். உங்கள் சேறு மைனஸ் 22.1 என்றால், 20-இலிருந்து 2.1 தள்ளி இருக்கிறது. மொத்த இடைவெளி 7. ஆக, நிலத்துப் பங்கு சுமார் 30 சதவீதம்.

சரி, கணக்கு முடிந்ததா? இல்லை. சோளம், மக்காச்சோளம், கரும்பு மூன்றும் மைனஸ் 13 வாக்கில் நிற்கும். காபி இலையும் சோளத்தட்டையும் சரிபாதி கலந்தால் மைனஸ் 20; அச்சு அசல் கடல் சரக்கு மாதிரியே தெரியும்! காட்டிக்கொடுக்க விகிதம் இருக்கிறதே என்றால், மக்கிய மண்ணுக்கு அதுவும் 10, 12 என்று இறங்கிவிடும். சந்தேகம் வந்தால் லிக்னின் (மரத்துக்கு உறுதி தரும் பொருள்) சோதனைக்கு அனுப்புங்கள். செலவு கூடுதல்தான். ஆனால் லிக்னின் செடி, மரத்தில் இருக்கும், மிதவையுயிரில் கிடையாது.